முதலில் கையில் எடுப்பது

கதவு பெயர்ந்து விழுந்ததும் உள்ளே இருப்பவர்கள் முதலில் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று கடப்பாரை பார்ப்பான். அடியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் முதலாளி. வாடகைக்கு இருப்பவர்கள் கிளம்ப மறுத்தால் கட்டடத்துக்காரர்கள் முதலாளியிடம் வருவார்கள். முதலாளி கடப்பாரையையும் சுத்தியலையும் அனுப்புவார். சுத்தியல் அவனைவிட இளையவன், அவனை அண்ணே என்பவன். கடப்பாரை கதவைப் பார்த்துக்கொள்வான், சுத்தியல் ஆட்களைப் பார்த்துக்கொள்வான். சாமான்கள் ஜன்னல் வழியாகப் போகும்.

அன்று மூன்றாவது மாடி. கதவு விழுந்ததும் அந்த வீட்டுப் பெண் பாய்ந்து வந்து அவன் முன்கையைக் கடித்தாள். விடவில்லை. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் ஒரு முறை மோதினான். விட்டாள். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. வெளியே அவள் புருஷன் படிக்கட்டில் உருண்டுகொண்டிருந்தான்; ஒவ்வொரு படிக்கும் அவனுடைய ஏதோ ஒரு எலும்பு பதில் சொல்லியது. அவள் தவழ்ந்து அலமாரிப் பக்கம் போனாள். நகை இருக்கும் என்று சுத்தியல் எட்டிப் பார்த்தான். அவள் எடுத்தது ஒரு தைலப் புட்டி. பாதி காலியானது. அதை மடியில் செருகிக்கொண்டு, இனி வேண்டியதை உடைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல உட்கார்ந்துவிட்டாள்.

தெருக்குழாயில் கையைக் கழுவிவிட்டு அவன் நேராகச் சகலையின் ஆபீசுக்குப் போனான். சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், பங்குத் தரகர் ஒருவரிடம் வேலை பார்த்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கணினி, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலி சுழலாது.

"தைலம் செய்யற கம்பெனி ஒண்ணு பாரு, சகலை."

"கையில என்னய்யா பல்லு?"

"வேலை."

"யாரு பல்லோ, வரிசையா நல்லாத்தான் இருக்கு." சகலை கணினியில் தட்டிப் பார்த்தான். "இருக்கு. பதினஞ்சு வருஷமா ஒரு வருஷம்கூட டிவிடெண்ட் குடுக்காம விட்டதில்ல. லாபத்துல பாதியைக் குடுக்கறான், பாதியை வச்சுக்கறான். கடன் இல்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாதி வீட்டுல முதல்ல அதைத்தான் எடுக்கறாங்க."

சகலை அந்தப் பல் தடத்தை மறுபடி பார்த்தான். பிறகு, "எத்தனை வாங்க?" என்றான்.

பங்கு வாங்குவதற்குக் காரணம் அவன் மனைவி. அவள் வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் கதவு. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டான். திறக்கக் கொஞ்சம் தாமதமானது. அவ்வளவுதான், தோள் தானாகப் போய்விட்டது. தன் வீடு என்கிற நினைப்பு தோளுக்கு இல்லை. கதவு பெயர்ந்தது; ஈரத் துணியோடு தாழ்ப்பாளை எடுக்க வந்தவள் முகத்துக்கு நேராக நின்றாள்; கதவுக்குப் பின்னால் நிற்பவரை எப்போதும் என்ன செய்வானோ அதைக் கை செய்தது. இடது காது கேட்பது அன்றோடு போயிற்று. காதிலிருந்து வந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்துவிட்டு அவள் கிளம்பினாள். அப்போதும் அவன் பார்த்தான், பழக்கதோஷம். அவள் எதையும் கையில் எடுக்கவில்லை. வெறும் கையோடு ஒரு வீட்டைவிட்டுப் போன ஆளை அவன் அதுவரை கண்டதில்லை.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. அவன் போய் வாசலில் நின்றபோது கதவுச் சந்து வழியாக அவள் பேசினாள்.

"அந்தக் காசு கலக்காத சோறு போடுங்க, வர்றேன்."

"எனக்கு வேற வேலை தெரியாதே."

"அப்ப நீங்களே சாப்பிடுங்க."

கதவைச் சாத்தினாள். மெல்லிய கதவு, ஒரு உதைக்குத் தாங்காது. அதன் முன்னால் அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

வழி சொன்னவன் சகலைதான். "போடறது உன் காசு. வர்றது கம்பெனிக்காரன் லாபம். ரெண்டும் வேற பாத்திரம். வருஷா வருஷம் வர்றதை மறுபடி அங்கேயே போடு. சோத்துக்கும் வாடகைக்கும் தேறற அன்னைக்குக் கடப்பாரையைக் கீழே வை." விலையைப் பார்க்கக் கூடாது என்றான். நிறையக் கொடுக்கிறவனை நம்பக் கூடாது என்றான். "லாபத்துக்கு மேல குடுக்கறவன் ஓடப் போறான்னு அர்த்தம்." அது கடப்பாரைக்கு உடனே புரிந்தது. கதவை உடைக்கும் முன்பே காப்பி கொடுத்து உட்காரச் சொன்ன வீட்டில்தான் அவன் முதுகில் கத்தி இறங்கியது.

ஆனால் எந்தக் கம்பெனி என்பதை அவன் சகலையிடம் விடவில்லை. அதை வீடுகளில்தான் தெரிந்துகொண்டான். ஒருவன் பல் உடைந்த பிறகும் பேட்டரி விளக்கை விடவில்லை. ஒரு கிழவர் சோப்பை எடுத்தார், அதுவும் பிரிக்காத சோப்பு. கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை ஒரு கையிலும் பால்மாவு டப்பாவை மறு கையிலும் பிடித்திருந்தாள். சுத்தியல் டப்பாவைத் தட்டிவிட்டான். குழந்தையைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை எடுக்கக் குனிந்தாள். கடப்பாரை பால்மாவு வாங்கினான்.

ஒரு தடவை மட்டும் ஏமாந்தான். எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு துணிப் பெட்டி. ஒரே கம்பெனிப் பெட்டி, நீலம் அல்லது மெரூன், மூலையில் தகடு. ஜன்னல் வழியாகப் போட்டாலும் உடையாது. ஒருவன் அந்தப் பெட்டியாலேயே சுத்தியலின் மண்டையைப் பிளந்தான்; தையல் போட வேண்டியிருந்தது, பெட்டியில் கீறல் இல்லை. கடப்பாரை கையில் இருந்ததையெல்லாம் பெட்டிக் கம்பெனியில் போட்டான். இரண்டே வருஷத்தில் அந்தக் கம்பெனி டிவிடெண்டை நிறுத்தியது.

"நீ பாத்தது எல்லாம் என்ன பெட்டி?" என்று கேட்டான் சகலை.

"நல்ல பெட்டி. கல்யாணத்துக்கு வாங்கினதா இருக்கும். இருவது வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கு."

"அதான்யா." சகலை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். "இருவது வருஷம் உழைச்சா அவன் அடுத்த பெட்டியை யாருக்கு விப்பான்? தீர்றதா பாரு, இல்ல உடையறதா பாரு."

உடைவது என்றதும் அவனுக்குக் கதவும், அதிலிருக்கிற பூட்டும் ஞாபகம் வந்தன. கதவில் பதிக்கிற மூன்று நாக்குப் பூட்டு. தாவு தீர வைக்கிற பூட்டு அது. கம்பி நுழையாது, அடிக்கு மசியாது. அந்தப் பூட்டு இருந்தால் பூட்டைத் தொடாதே, கீலைப் பார் என்று சுத்தியலுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். வீடு காலியான மறுநாளே கட்டடத்துக்காரர் புதுக் கதவு மாட்டி, பழைய சாவி போனவர்களிடம் இருக்கிறதே என்று அதே பூட்டைப் புதிதாக வாங்கிப் போடுவார். துரத்தப்பட்டவர்களும் போன இடத்தில் முதலில் வாங்குவது அதுதான். சகலை கணக்குப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "வருஷா வருஷம் கூட்டிக் குடுக்கறான். இதை விட்டு இத்தனை நாள் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதியே." அதிலிருந்து மற்றக் கம்பெனிகள் கொடுத்ததும் பூட்டுக்கே போயிற்று.

ஒரு வருஷம் சந்தை சரிந்தது. ஆபீசில் கூச்சல். ஒருவன் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடித் தடுப்பில் அடித்தான். சகலையின் நெற்றியில் சில்லு பாய்ந்தது. அப்போது அங்கே இருந்த கடப்பாரை எழுந்து போய் அடித்தவன் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்து, திமிறல் அடங்கும்வரை பிடித்திருந்து, படியில் உட்கார வைத்தான்.

"என்ன கம்பெனி வச்சிருந்த?"

அவன் இருமிக்கொண்டே பெயரைச் சொன்னான்.

"டிவிடெண்டு குடுத்தானா?"

"இல்லண்ணே. விலை ஏறும்னு..."

"வீட்டுக்குப் போ."

உள்ளே வந்து, நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்த சகலையிடம், "பூட்டு மலிவா இருக்குமே இப்ப?" என்றான். இருந்தது.

அவனுக்கு வலது தோள் இறங்க ஆரம்பித்த வருஷம் பூட்டுக் கம்பெனியின் டிவிடெண்ட் வந்தது. சகலை கணினியில் கூட்டினான், பிறகு காகிதத்தில் கூட்டினான். வாடகை, அரிசி, பருப்பு, கரண்டு, தோளுக்கு மாத்திரை. "தேறிடுச்சுய்யா," என்றான். "கறி கிறின்னு ஆசைப்படாதே. ஆனா தேறிடுச்சு." அன்று சாயங்காலமே மனைவியிடம் சகலை சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சமைத்து வையுங்கள் என்று பதில் வந்தது.

முதலாளியிடம் சொல்வதுதான் பாக்கி. முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கிளாஸை மெதுவாக வைத்தார்.

"பங்கா? நீயா?" என்றார். "நல்லா இரு. வழியனுப்பு வச்சுடலாம்."

"எப்ப?"

"அது சொல்ற வழக்கம் இல்லையே. உனக்குத் தெரியாததா?"

தெரியும். இந்த வேலையை விட்டுப் போகிறவனுக்கு ஒரு கையை உடைத்து அனுப்புவது முறை. வேறு முதலாளியிடம் சேராமல் இருக்கவும், போகிற இடத்தில் வாய் திறக்காமல் இருக்கவும். கடப்பாரையே பலருக்கு வைத்திருக்கிறான். ஒருவன் அழுதான். ஒருவன் தானாகவே கையை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு ஒரே அடியில் முடிந்தது. இடது கையைக் கொடுத்துவிடுவது என்று கடப்பாரை முடிவு செய்திருந்தான். கட்டுப் போடுகிற செலவையும் சகலையிடம் காரணம் சொல்லாமல் கூட்டலில் சேர்த்திருந்தான். மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் அவள் வந்தாள். தலை நரைத்திருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவில் மூன்று நாக்குப் பூட்டு. மேசை, இரண்டு நாற்காலி, அடுப்பு. மூலையில் கடப்பாரை.

"அது எதுக்கு இன்னும்?"

அவன் அவளுடைய வலது பக்கமாக வந்து நின்று பதில் சொன்னான். "நாளைக்கு இரும்புக் கடையில போட்டுருவேன்."

சோறும் பருப்பும் முட்டையும் பரிமாறினான். அவள் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் நிறுத்தினாள்.

"அத்தான் என்னமோ கம்பெனிங்கறார். என்ன கம்பெனி?"

"தைலம். சோப்பு. பால்மாவு. பேட்டரி. அப்புறம் பூட்டு. பூட்டுதான் நிறைய."

"இதெல்லாம் நல்ல கம்பெனின்னு அத்தான் சொன்னாரா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. அந்த வேலையில் அதற்குத் தேவை இருந்ததில்லை. "நான்தான் பாத்தேன். வீட்டை உடைக்கிறப்ப எதை முதல்ல எடுக்கறாங்களோ, அதை வாங்கினேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"தைலம் யாரு எடுத்தா?"

"மூணாவது மாடிப் பொம்பளை ஒருத்தி."

"அவளை அடிச்சீங்களா?"

"சுவத்துல ஒரு தடவை."

"பால்மாவு?"

அவன் பருப்புக் கரண்டியைக் கையில் எடுத்தான்.

"கதவை நீங்க உடைக்கறீங்க. அவங்க புதுசா பூட்டு வாங்கறாங்க. அந்தக் காசு உங்களுக்கு வருது." மெதுவாக, கணக்குப் போடுவதுபோலச் சொன்னாள். "அப்ப இந்தச் சோறு?"

கையைத் தட்டின் ஓரத்தில் வழித்துவிட்டு எழுந்தாள். அவள் செருப்பைத் தேடியபோது படிக்கட்டில் காலடிகள் கேட்டன. அவளுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு அந்த நடை தெரியும். முதல் கால் கனமாக விழும், அடுத்தது இழுக்கும். சுத்தியல். கூட இரண்டு பேர், புதுசு, வேகமாக ஏறுகிறார்கள்.

அவன் எழுந்து சாவியைத் திருப்பினான். மூன்று நாக்கும் உள்ளே விழுந்தன.

"என்ன?" என்றாள் அவள்.

"ஜன்னல் பக்கம் போய் நில்லு. என்ன நடந்தாலும் இங்கிட்டு வராத."

"அண்ணே," என்று வெளியே சுத்தியலின் குரல், மரியாதையாக. "வழியனுப்புண்ணே. திறங்க."

"வீட்டுல ஆளு இருக்குடா. இன்னிக்கு வேணாம், நாளைக்கு நானே வர்றேன்."

"முறை தெரிஞ்ச நீங்களே இப்படிப் பேசலாமா?" பிறகு புது ஆட்களிடம்: "டேய், பூட்டைத் தொடாதீங்க. கீலைப் பாருங்க. அண்ணன் சொல்லிக் குடுத்தது."

முதல் அடி விழுந்தது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. அறைக்குள் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பது அவனுக்கு அதுதான் முதல் முறை. வெளியே நிற்கும்போது அது மரத்தில் விழுகிற அடி. உள்ளே அது பல்லில் விழுந்தது. தன் கை எதையோ தேடி மேசைமேல் ஊர்வதைப் பார்த்து அதை இழுத்துக்கொண்டான். மேல் கீல் பிய்ந்தது. கீழ்க் கீல் பிய்ந்தது. பூட்டு மட்டும் சட்டத்தைக் கவ்வியபடி இருக்க, கதவு அதன்மேல் சுழன்று மறுபக்கமாகச் சாய்ந்தது.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். சுத்தியலின் நெற்றியில் பழைய தையல் தழும்பு. "நல்ல பூட்டுண்ணே," என்றான்.

கடப்பாரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தட்டுகளை ஒதுக்கிவிட்டு இடது கையை மேசைமேல் வைத்தான்.

"சீக்கிரம் முடி."

"இவங்க யாரு? அண்ணியா? வணக்கம் அண்ணி. ஒண்ணும் இல்ல, இது ஒரு வழக்கம். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க." ஒருவன் அவன் முன்கையை அழுத்திப் பிடித்தான். மற்றவன் தோளைப் பிடித்தான், இறங்கிப்போன தோள் என்று தெரியாமல். சுத்தியலின் கையில் இருந்தது நிஜச் சுத்தியல். கடப்பாரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரே அடியில் முடியவில்லை. புறங்கையில் விழுந்தது, விரல்கள் நொறுங்கின, மணிக்கட்டு தப்பியது. தட்டுகள் எகிறின. அவன் கத்தக் கூடாது என்றிருந்தான், கத்தினான். சுத்தியல் வருத்தத்தோடு, "கையை ஆட்டாதீங்கண்ணே," என்று மறுபடி ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே அது வேறு திசையில் மடிந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, அவளுக்கும்கூடக் கேட்டிருக்கும். சுத்தியல் தன் கையையே பார்த்தான். சட்டையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை வந்திருந்தது. பின்னால் அவள், மூலையிலிருந்த கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்தபடி. எப்படிப் பிடிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, சரியாகப் பிடித்திருந்தாள்.

தோளைப் பிடித்திருந்தவன் அவளிடம் போனான். அவள் அவன் முட்டியில் அடித்தாள். விழுந்தவனை இன்னொரு அடி, விலாவில். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. வேலை செய்கிறவர்களின் முகம் இருந்தது. கடப்பாரைக்கு அந்த முகம் தெரியும்.

"போதும்," என்றான். அவளுடைய இடது பக்கத்திலிருந்து சொல்லிவிட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது அடி விழுந்தது.

முன்கையைப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து, விழுந்தவனை அக்குளில் கைகொடுத்து இழுத்தான். சுத்தியல் முகம் வெளிறி வாசலில் நின்றான்.

"அண்ணி, இது முறை இல்ல," என்றான். அழுகிற குரல்.

"முதலாளிட்ட என்னடா சொல்லுவ?" என்றான் கடப்பாரை.

சுத்தியல் யோசித்தான். "ஒரு கை உடைஞ்சுதான்னு கேப்பாரு. உடைஞ்சுதுன்னு சொல்றேன்." பிறகு தன் கையைப் பார்த்தான். "நானும் இனிமே வேலைக்கு ஆவமாட்டேன் அண்ணே. எனக்குத் தனியா வழியனுப்பு வைக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க. பங்கு வாங்க என் சகலையை வந்து பாரு."

படிக்கட்டில் அவர்கள் இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. இழுத்து இழுத்து இறங்கினார்கள்.

அவள் கடப்பாரையை இருந்த மூலையிலேயே சாத்தினாள். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். குழாயைத் திறந்து கழுவினாள், சோப்புப் போட்டு, நகக்கண்வரை. பழைய துணி ஒன்றைக் கிழித்து அவன் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். இறுக்கினாள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பாள் என்று எதிர்பார்த்தான். அதைச் சொல்லவில்லை. போய்விடுவாள் என்று நினைத்தான். செருப்பு வாசலுக்கு அருகில் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டி வந்து நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"போடுங்க," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"சோறு போடுங்க. அது கொட்டிடுச்சு. என் கையும் இப்ப உங்க கைதானே."

வலது கையால் வேறு தட்டு எடுத்துப் போட்டான். பருப்பு ஆறிப் போயிருந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள், பசித்தவள்போல. பாதியில் நிறுத்தி, பிய்ந்து தொங்குகிற கதவைப் பார்த்தாள். பூட்டு இன்னும் சட்டத்தைக் கவ்வியிருந்தது.

"கதவு வாங்கணும்."

"ஆமா."

"பூட்டு?"

"அதைக் கழட்டி மாட்டிக்கலாம். ஒண்ணும் ஆகல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்ணும் வாங்குங்க," என்றாள். "கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு."

தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அவளுடைய வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மீதியைச் சாப்பிட்டான்.